புதூரில் விளக்கு ஆடிய நாட்கள்

ஜூலை 12, சனி

தூறல், வெயில், மறுபடி தூறல். கொடியில் போட்ட துணியை மூன்று முறை எடுத்து மூன்று முறை போட்டாகிவிட்டது. ஆடி பிறக்க இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. அதற்குள் பக்கத்து வீட்டு முருங்கை காற்றில் ஒரு கிளையை எங்கள் பக்கம் இறக்கிவிட்டது. கீரை லாபம்.

இன்று:
– தையல்காரரிடம் இரண்டு ஜாக்கெட்.
– கண்ணாடிக் கடை. மூக்குப் பிடி தளர்ந்திருக்கிறது.
– 'நாளைய மின்தடை' பட்டியல் அனுப்ப வேண்டும். விடுமுறை நாளிலும் அது மட்டும் என் வேலை. வேறு யாரிடம் விட்டாலும் ஊர்ப் பெயரில் பிழை வருகிறது. பாளையமும் பட்டியும் புதூரும் மாறினால் ஒரு ஊர் வீணாகத் தண்ணீர் பிடித்து வைக்கும்.

பத்து மணிக்கு வாசலில் குரல். "ஏனுங்க, பேப்பர்காரம்மா ஊடு இதுதானுங்களா?"

கணவன், மனைவி. நடராஜ், மல்லிகா. பல்லடத்துக்குத் தெற்கே புதூர். சொந்தத் தறிக்குடோன். கையில் பை நிறையத் தேங்காய். உட்காரச் சொன்னேன். தண்ணீர் குடித்தார்கள். மழை பற்றிப் பேசினார்கள். என் வீட்டுக்காரர் காபி கொண்டுவந்தார். அதன் பிறகுதான் நடராஜ் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். இரண்டு வாரம் முன்பு நான் எழுதிய செய்தி. 'புதிய தறிகளால் புதூரில் விளக்குகள் தள்ளாட்டம்.'

"நல்லா எழுதியிருந்தீங்கம்மிணி. படிக்கறதுக்கு நல்லாத்தானுங்க இருந்துச்சு."

"சொல்லுங்க."

"ஒண்ணே ஒண்ணுங்க. அதுல போட்டிருக்கறது நெசமில்லீங்க."

இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் திட்டியதில்லை.

விஷயம்: தை மாதம், ஊடு நூலைக் கொண்டு ஓடும் நாடா இல்லாத புதுத் தறிகள் எட்டு வாங்கிப் போட்டிருக்கிறார். சில நாட்களில் ஊரெல்லாம் விளக்கு துடிக்கிறது, அந்தத் தறிகளும் நின்று நின்று ஓடுகின்றன. நின்று ஓடிய இடத்தில் துணியில் குறுக்கே கோடு விழுகிறது. ஆனால் ஊரார் பார்வையிலும் மின் அலுவலகத்தின் பார்வையிலும் அவர் தறிதான் குற்றவாளி. ஆகஸ்ட் 1-க்குள் சரிசெய்யாவிட்டால் மின்சாரம் துண்டிக்கப்படும் என்று நோட்டீஸ். அதோடு ஒரு இணைப்புத் தாள்.

அந்த இணைப்பு என் செய்தியின் ஜெராக்ஸ்.

மின் அலுவலகத்தில் சொன்னதை நான் எழுதினேன். நான் எழுதியதை அவர்கள் ஆதாரமாக வைத்திருக்கிறார்கள்.

"கரண்டைப் புடுங்கிப்போட்டா தறியை என்னங்க பண்றது? கோழி அடைக்கறதா?" என்றார் நடராஜ். மல்லிகா அவரைப் பார்த்த பார்வையில் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

புதூருக்கு நான் போகவில்லை. தொலைபேசியில் கேட்டு எழுதினேன். அதைச் சொன்னேன். "தெரியுமுங்க" என்றார் மல்லிகா. "வந்திருந்தா எங்க ஊட்டுலதான காபி குடிச்சிருப்பீங்க?"


ஜூலை 13, ஞாயிறு

காலைப் பூசை. பிரசங்கம் நீளம். பின் பெஞ்சில் ஒரு குழந்தை 'முடிஞ்சுதா' என்று மூன்று முறை கேட்டது. கோயிலில் பாதிப் பேரின் கேள்வி அதுதான்.

மதியம் அரிசிம்பருப்புச் சோறு. வீட்டுக்காரர் செய்தது. பம்ப் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்தவர். ஓய்வுக்குப் பின் சமையலறையே சோதனைப் பிரிவு. தண்ணீரைக் கோடு போட்ட டம்ளரில் அளக்கிறார். ருசி எல்லா வாரமும் ஒன்றாகவே இருக்கிறது. குறை சொல்ல வழியில்லை.

தேங்காயை உடைத்துக்கொண்டே கேட்டார்: "ஸ்டெல்லா, தப்புன்னு தெரிஞ்சா என்ன பண்ணுவே?"

"முதல்ல தப்பான்னு பாக்கணும்."

"சரி. அப்ப பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்து வெச்சுக்கோ."


ஜூலை 15, செவ்வாய்

சிங்காநல்லூரிலிருந்து 8.10 பஸ். ஜன்னல் சீட். சூலூர் தாண்டியதும் காற்று தலையைக் கலைத்தது. பல்லடத்தில் இறங்கி மினி பஸ். புதூருக்கு மேற்கே வரிசையாகக் காற்றாலைகள். பழையவை குட்டை, வேகமாகச் சுற்றுகின்றன. புதியவை மிக உயரம், அவசரமில்லாமல் சுற்றுகின்றன. எண்ணத் தொடங்கிப் பதினேழில் விட்டுவிட்டேன். நடத்துநர் ஊர் வந்துவிட்டது என்று கத்தினார்.

தறிக்குடோன். உள்ளே பேச முடியாது. கை ஜாடை. ஓரத்தில் மல்லிகாவின் மேஜை. மேலே கண்ணாடி, அடியில் விளக்கு. துணியை அதன்மேல் இழுத்துப் பார்க்கிறார். அறுந்த இழை, முடிச்சு, கோடு எல்லாம் தெரியும். நாள் முழுதும் அந்த வெளிச்சத்தைப் பார்ப்பவர். ஊரில் முதலில் கவனித்ததும் அவரே.

வெளியே வந்து பேசினோம்.

"எப்படி ஆடும்?"

"அணைஞ்சு அணைஞ்சு எரியாதுங்க. துடிக்குமுங்க." மணிக்கட்டைக் காட்டினார். "இங்க துடிக்குதில்லீங்களா, அதைவிட வெரசா. அஞ்சு நிமிசம் பாத்தா மண்டையிடி."

"என்னிக்கெல்லாம்?"

உள்ளே போய் ஒரு கம்பியை எடுத்துவந்தார். கிழித்த காலண்டர் தாள்களைக் குத்தி வைக்கும் கம்பி. துணியில் கோடு விழுந்தால் அன்றைய தாளின் பின்புறத்தில் எத்தனை மீட்டர் பாழ் என்று எழுதிக் குத்திவிடுவது வழக்கம். விளக்கு ஆடிய நாட்களுக்கு 'லைட்டு' என்றும் எழுதியிருந்தார். அப்படி நான்கு தாள்கள். பென்சில். அழகான கையெழுத்து.

தேதி குறித்துக்கொள்ளத் தாள்களைத் திருப்பினேன். முதல் தாளில் தேதிக்குப் பக்கத்தில் கறுப்பு வட்டம். இரண்டாவதில் கறுப்பு வட்டம். மூன்றாவதிலும்.

சித்திரை அமாவாசை, வைகாசி அமாவாசை, ஆனி அமாவாசை.

நடராஜ் எட்டிப் பார்த்தார். "அட! இத்தனை நாளா பின்னாடியே பாத்துட்டிருந்தமுங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "என்ற மாமியாளுக்குத் தெரிஞ்சா கோழி அறுக்கோணும்னுவாங்க."

"எங்கம்மாளைச் சொல்லலீன்னா உங்களுக்குச் சோறு எறங்காதே" என்றார் மல்லிகா.

நான்காவது தாளில் வட்டம் இல்லை. ஜூன் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. சாதாரண நாள். முகூர்த்தம்கூட இல்லை.

மதியம் அங்கேயே சாப்பாடு. கொள்ளுப் பருப்பு, முருங்கைக் கீரை, மோர். காபியும் குடித்தேன். கணக்குத் தீர்ந்தது என்று சிரித்தார் மல்லிகா.


ஜூலை 16, புதன்

செய்தி ஆசிரியரிடம் சொன்னேன். "அமாவாசைக்குக் கரண்டு ஆடுதா? ராசிபலன் பக்கத்துக்கு அனுப்பிடுங்க மேடம்" என்றார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனாலும் அந்த நான்காவது தாள்.

ஜாக்கெட் தைத்து வந்தது. ஒன்று சரி. இன்னொன்றில் மூச்சு விட முடியவில்லை.


ஜூலை 17, வியாழன். ஆடி 1.

காற்று. மாடியில் தண்ணீர்த் தொட்டி மூடி பறந்து எதிர்வீட்டுக் கார் மேல். கார் பிழைத்தது. மூடி இல்லை.

வீட்டுக்காரரிடம் தேதிகளைச் சொன்னேன். "நிலாவுக்கும் கம்பிக்கும் சம்பந்தமில்லை. மனுசங்க அன்னிக்கு என்ன பண்றாங்கன்னு பாரு" என்றார், தேங்காய் துருவிக்கொண்டே. நடராஜ் கொடுத்த தேங்காய் இன்னும் இரண்டு பாக்கி.

அமாவாசையன்று மனிதர்கள் என்ன செய்கிறார்கள்? விரதம். படையல். கடை அடைப்பு. சில ஊர்களில் தறி ஓட்டமாட்டார்கள். புதூரில் ஓட்டுவார்கள். ஓட்டாத ஊர்? வேலாங்காடு. புதூருக்கு அடுத்த ஊர். இது எனக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். ஒவ்வொரு மாதமும் தட்டச்சு செய்கிறேன், அதனால் தெரியும். வேலாங்காடு துணைமின் நிலையத்தின் மாதாந்திரப் பராமரிப்பு எப்போதும் அமாவாசையில் வரும். முன்பு ஒருமுறை அங்கே கேட்டபோது, "அன்னிக்குத் தறி நிக்குதுங்க, நாங்களே அந்த நாள்ல வெச்சுக்கங்கன்னு கேட்டு வாங்கினமுங்க. ஒருத்தருக்கும் தொந்தரவில்லை பாருங்க" என்றார்கள். நல்ல ஏற்பாடு என்று எழுதவும் எழுதினேன்.

அலமாரி மேல் என் பழைய மின்தடைப் பட்டியல்கள். எதையும் தூக்கிப் போடாதவள் என்று இந்த வீட்டில் எனக்குக் கெட்ட பெயர். ஏணி போட்டு இறக்கினோம். தும்மல்.

சித்திரை அமாவாசை: வேலாங்காடு.
வைகாசி அமாவாசை: வேலாங்காடு.
ஆனி அமாவாசை: வேலாங்காடு.
ஜூன் செவ்வாய்க்கிழமை: கடைசி வரி. 'வேலாங்காடு து.மி. நிலையம், அவசரப் பணி, காலை 9 முதல் மாலை 4 வரை.'

நான் தட்டச்சு செய்த வரி. ஊர்ப் பெயர்கள் எல்லாம் சரி. ஒரு பிழை இல்லை. வேலாங்காட்டு ஊர்கள் மட்டும் அதில் இருக்கும். புதூர் இருக்காது. புதூரில்தான் கரண்டு இருந்ததே.

வீட்டுக்காரர் ஏணியைப் பிடித்தபடி, "எறங்கு. அங்கயே நின்னு யோசிக்காதே" என்றார்.


ஜூலை 18, வெள்ளி

புதூர் மின் அலுவலகத்தின் உதவிப் பொறியாளர் கோகிலா. நாற்பது வயதிருக்கும். நோட்டீஸில் கையெழுத்து இவருடையது. கோபமாக இருப்பார் என்று நினைத்துப் போனேன். தேதிகளை நீட்டினேன். படித்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"அக்கா, இதை எங்கீங்க புடிச்சீங்க?"

"காலண்டர் தாள்ல. அப்புறம் உங்க ஆபீஸ் எனக்கு அனுப்பற லிஸ்ட்ல."

எழுந்து ஜன்னலருகே போனார். காற்றாலைகள் தெரிகின்றன. அங்கிருந்தே விளக்கினார். நான் எழுதிக்கொண்டது, முடிந்தவரை அவர் சொற்களில்:

"இந்தக் காத்து மில்லுக கரண்டு வெளிய போறதுக்கு ரெண்டு வழிங்க. ஒண்ணு வடக்கே. ஒண்ணு வேலாங்காடு வழியா. வேலாங்காட்டை நிறுத்திட்டா ஒரு வழிதான். அத்தனை காத்துக் கரண்டும் அந்த ஒத்தைக் கம்பில போகோணும். அப்ப லைனு கெட்டியா நிக்காதுங்க, தொளதொளன்னு ஆயிரும்."

"அதனால?"

"புது மில்லு ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு எலக்ட்ரானிக் பொட்டி இருக்குதுங்க. லைனு வோல்ட்டேஜைப் பாத்துப் பாத்துத் தன்னைத் திருத்திக்கும். லைனு கெட்டியா இருந்தா அது சின்னதாத் திருத்தும், நின்னுரும். லைனு தொளதொளன்னா அது சின்னதாத் தள்ளுனாலே பெருசா அசையும். பெருசா அசையுதேன்னு இன்னும் தள்ளும். நம்ம ஆடி நோம்பிக்கு மரத்துல தூரி கட்டி ஆடுவமில்லீங்களா? தூரி ஆடறப்ப நிறுத்தோணும்னு ஒருத்தி கை வெக்கறா. வெக்கற நேரம் தப்பாப் போச்சுன்னா? நிறுத்தறதா நெனைச்சுக்கிட்டு வீசி வுட்டுட்டே இருப்பா."

"தறிக்கு இதுல பங்கே இல்லையா?"

"எனக்கு இப்ப அப்படித்தான் தோணுதுங்க. கரண்டு விநாடிக்கு ஐம்பது தடவை அலையோணும். இது அதுக்குக் கீழே தனியா ஒரு ஆட்டம். விநாடிக்கு ஏழோ எட்டோ தடவை. சப்-சிங்க்ரனஸ் ஆசிலேஷன்னு படிச்சிருக்கறேன். இங்க நடக்கும்னு நெனைக்கலீங்க."

"அப்ப நோட்டீஸ்?"

ஜன்னலை விட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "புகார் வந்துச்சுங்க. புதுத் தறி வந்த வருசம். மேல கேட்டாங்க, என்ன காரணம்னு. தறின்னு சொன்னேன். நானும் போய்ப் பாக்கலீங்க்கா."

இருவரும் ஒரே தவறைச் செய்தவர்கள். டீ வந்தது. ஒரே பிஸ்கட் பாக்கெட்டைப் பங்கிட்டுக்கொண்டோம்.

ஊகம் போதாது என்றார். தறி எல்லாம் நின்றிருக்கும்போது விளக்கு ஆடினால்தான் தறி இல்லை என்று எழுத முடியும். அடுத்த அமாவாசை வியாழக்கிழமை. ஆடி அமாவாசை. காற்றுக்கும் குறைவிருக்காது.


ஜூலை 21, திங்கள்

நடராஜிடம் போனில் சொன்னேன். புதூரில் எல்லாத் தறிகளையும் வியாழக்கிழமை அரை மணி நேரம் நிறுத்த வேண்டும். அவர் தறியை மட்டும் நிறுத்தினால் 'மற்றவர் தறி' என்பார்கள்.

"ஊர்ல ஒருத்தன் தறியை நிறுத்தச் சொன்னா, ஏன், உனக்குப் பாவு நூலு தீந்துபோச்சான்னு கேப்பாங்களே அம்மிணி."

"கேட்டுப் பாருங்க."

மாலையில் கூப்பிட்டார். "ஆச்சுங்க. மல்லிகா போய்ப் பேசுனா. நான் பேசியிருந்தா ஆயிருக்காது."

மூச்சு விட முடியாத ஜாக்கெட்டைப் பிரித்துத் தந்தார் தையல்காரர். உடம்பு மாறிவிட்டதாம். அளவு நோட்டு மாறவில்லையாம்.


ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை.

வானம் வெளுப்பு. மழை இல்லை. காற்று மட்டும். பல்லடம் பஸ் நிலையத்தில் பூ விலை கேட்டுவிட்டு வாங்காமல் வந்தேன்.

10.30. மல்லிகாவின் மேஜை. விளக்கு துடிக்கிறது. கேட்டதுண்டு, பார்த்தது இதுவே முதல் முறை. வெள்ளைத் துணிமேல் வெளிச்சம் நடுங்குகிறது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

10.50. கோகிலா வந்தார். கையில் ஒரு அளவுப் பெட்டி. சுவர் ப்ளக்கில் மாட்டினார். தலையில் மல்லிகைப் பூ. நடராஜைப் பார்த்து, "அண்ணா, நோட்டீசு நான்தான் குடுத்தேன். திட்டறதுன்னா இப்பவே திட்டிருங்க" என்றார்.

"அதெதுக்குங்க கண்ணு. மொதல்ல மோரு குடிங்க."

11.00. நிறுத்தினார்கள். முதலில் இந்தக் குடோன். பிறகு எதிர்க் குடோன். பிறகு தெருக்கோடி. ஒவ்வொன்றாக. கடைசித் தறி நின்றதும் ஊரில் காது அடைத்ததுபோல் இருந்தது. எங்கோ ஒரு குக்கர் விசில். ஒரு பாட்டுப் பெட்டி இத்தனை நேரம் பாடிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. ஆட்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். கரண்டு இருக்கும்போது பகலில் இந்த ஊர் இப்படி நின்று பார்த்ததில்லை என்றார் ஒருவர்.

எல்லோரும் விளக்கைப் பார்த்தார்கள்.

ஆடியது. முன்னைவிட அதிகமாகவே.

"நிக்கலீங்க" என்றார் கோகிலா, பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் ஏறுது."

மல்லிகா துணியை மடித்து ஓரமாக வைத்தார். நடராஜ் என் பக்கத்தில் வந்து மெதுவாக, "எழுதிக்குங்கம்மிணி" என்றார். எழுதிக்கொண்டுதான் இருந்தேன்.

11.22. வாசலுக்கு வந்தோம். மேற்கே வரிசையில் புதிய காற்றாலைகள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்தன. இறக்கை திரும்பிக்கொண்டது. தங்களைத் தாங்களே நிறுத்திக்கொண்டன. ஆட்டம் அளவு மீறினால் அவை தாமாகவே விலகிக்கொள்ளும் என்றார் கோகிலா. பழைய குட்டை மில்கள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. மேஜைக்குத் திரும்பினோம்.

வெளிச்சம் அசையவில்லை. கண்ணாடிமேல் கை வைத்துப் பார்த்தார் மல்லிகா, ஏதோ காய்ச்சல் பார்ப்பதுபோல.

தறி எல்லாம் நின்றிருக்க, ஆடிய விளக்கு காற்றாலை நின்றதும் நின்றது. இரண்டு நேரமும் குறித்தாயிற்று. கோகிலா தன் பெட்டியில் வந்த கோடுகளைப் போனில் படமெடுத்தார்.

"அரை மணி இன்னும் ஆகலீங்களா? தறியைப் போடலாங்களா?" என்று எதிர்க் குடோனிலிருந்து சத்தம்.

"போட்டுக்கங்கோ!"

திரும்பும்போது கோகிலா வண்டியில் பல்லடம் வரை கொண்டுவந்து விட்டார். காற்றில் வண்டி ஒரு பக்கமாகவே சாய்ந்து வந்தது. வழியில் சொன்னார்: "நான் கையெழுத்துப் போட்ட நோட்டீசைத் தப்புன்னு நானே எழுதோணுமுங்க்கா. மேல என்ன சொல்லுவாங்களோ."

"நானும் எழுதணும்."

"உங்களுக்கு யாரு மேல இருக்கறாங்க?"

"படிக்கறவங்க."

பூ விலை இறங்கியிருந்தது. இரண்டு முழம்.


ஜூலை 25, வெள்ளி

தூக்கம் நன்றாக. காலையில் எழுத உட்கார்ந்து பதினொன்றுக்கு முடித்தேன். தலைப்பு கிடைக்கவில்லை. வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். "எங்க டெஸ்ட் பெஞ்சில ஒருத்தன் வால்வைத் தெறப்பான், மீட்டர் முள்ளு லேட்டாத்தான் ஏறும். ஏறலியேன்னு இன்னும் தெறப்பான். அப்புறம் மூடுவான். முள்ளு நாள் பூரா ஆடும். வால்வுல கோளாறு இருக்காது. அவசரம்தான் கோளாறு" என்றார்.

நல்ல வரி. அவர் பெயர் போடாமல் சேர்த்துக்கொண்டேன். வீட்டு ராயல்டி: ஒரு முறுக்குப் பொட்டலம்.

செய்தி ஆசிரியர் செய்தியை எடுத்துக்கொண்டார். கூடவே நான் கேட்ட நான்கு வரித் திருத்தத்தைப் பார்த்ததும் முகம் மாறியது. திருத்தத்தின் சாரம்: இதற்கு முன் வந்த செய்தி தவறு, நிருபர் நேரில் போய்ப் பார்க்கவில்லை, அதுதான் தவறுக்குக் காரணம்.

"இது எதுக்கு மேடம்? புதுச் செய்தியைப் படிச்சா அவங்களே புரிஞ்சுக்குவாங்க."

"பழைய செய்தி அரசாங்கக் கோப்பில இருக்கு. புதுசை யார் ஜெராக்ஸ் எடுப்பாங்க?"

யோசிக்கிறேன் என்றார்.


ஜூலை 28, திங்கள்

பதில் இல்லை. செய்தி ஆசிரியரிடமிருந்தும் இல்லை, கோகிலாவிடமிருந்தும் இல்லை. ஆகஸ்ட் 1-க்கு நான்கு நாள்.

பிரித்துத் தைத்த ஜாக்கெட் சரியாக இருக்கிறது. தொட்டிக்குப் புது மூடி, கல் வைத்தாயிற்று. சிறுவாணித் தண்ணீர் இன்று நேரத்துக்கு வந்தது.

மல்லிகா போன். "சும்மாதானுங்க கூப்புட்டேன்." மூன்று நிமிடம் சும்மா பேசினோம். நோட்டீஸ் பற்றி அவர் கேட்கவில்லை. வைக்கும்போது, "வெள்ளிக்கெழமை வரைக்கும் பாவு போடலாமா வேண்டாமான்னு இவரு கேக்கறாருங்க. புதுப் பாவு ஏத்துனா பதினஞ்சு நாள் ஓடோணும்" என்றார்.

"ஏத்துங்க" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. எந்தக் கையெழுத்தும் என் கையில் இல்லை.


ஜூலை 31, வியாழன்

மாலை 5.40. கோகிலா. பின்னால் காற்று இரைச்சல், பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. கேட்ட பாதி போதுமாக இருந்தது. நோட்டீஸ் ரத்து. கடிதம் நாளை கையில் கிடைக்கும். மேலதிகாரி அவரது கோடுகளை இரண்டு நாள் பார்த்திருக்கிறார். திட்டினார்களா என்று கேட்டேன்.

"திட்டுனாங்க. அப்புறம் இதே மாதிரி வேற எங்கியாச்சும் ஆடுதான்னு பாக்கச் சொல்லி நாலு ஊரை என்ற தலையில கட்டிட்டாங்க."

ஏற்பாடு: இனி வேலாங்காட்டில் பராமரிப்பு என்றால், அன்று புதூர்க் காற்றாலைகள் பாதி அளவே மின்சாரம் தர வேண்டும். காற்றாலைக் கம்பெனிக்காரர்கள் அந்த எலக்ட்ரானிக் பெட்டிகள் திருத்தும் வேகத்தையும் மாற்றிக்கொடுக்க ஒப்புக்கொண்டார்களாம். வேலாங்காட்டு அமாவாசை அப்படியே இருக்கும். அதைத் தொட யாருக்கும் மனமில்லை.

பலிக்குமா என்று கேட்டேன். அடுத்த அமாவாசை வரை தெரியாது என்றார். ஆடினால் மறுபடி நோட்டீஸ் வருமா? "இந்தத் தடவை கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நேர்ல போவேனுங்க."

நடராஜுக்குப் போன் செய்தேன். "சரிங்கம்மிணி" என்றார். போனை வைக்காமலே மல்லிகாவைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.


ஆகஸ்ட் 2, சனி

செய்தி வந்தது, மாவட்டப் பக்கத்தில் மேலே. தலைப்பு செய்தி ஆசிரியர் வைத்தது, மோசமில்லை. திருத்தம் எங்கே என்று தேடினேன். முதல் பக்கத்தில் இல்லை. மாவட்டப் பக்கத்தில் இல்லை. கோபம் வரத் தொடங்கியபோது வீட்டுக்காரர் விரல் வைத்துக் காட்டினார். 'நாளைய மின்தடை' பட்டியலுக்கு அடியில், கட்டம் கட்டி, நான்கு வரியும் அப்படியே.

செய்தி ஆசிரியரிடம் கேட்டேன்.

"மேடம், நம்ம பேப்பர்ல எல்லாரும் ஒரு வரி விடாம படிக்கற எடம் அது ஒண்ணுதான்."

மறுக்க முடியவில்லை.


ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பெருக்கு.

பூசைக்குப் பின் புதூர், இருவருமாக. அழைத்திருந்தார்கள். சாப்பிட ஒப்பிட்டு, பருப்புப் போளிதான். வேப்பமரத்தில் தூரி. மல்லிகா வற்புறுத்தி என்னை உட்கார வைத்தார். ஆட்டிவிட்டவர் என் வீட்டுக்காரர். 'நிறுத்துங்க, நிறுத்துங்க' என்று கத்தினேன். நிறுத்துகிறேன் என்று சொல்லிக்கொண்டே இன்னும் உயர ஆட்டினார். நடராஜ் சிரித்ததில் ஒப்பிட்டு புரையேறியது.

முதுகுவலி. தைலம். வருத்தமில்லை.


ஆகஸ்ட் 21, வியாழன்

மின்தடைப் பட்டியல் வந்தது. தட்டச்சு செய்தேன். மூன்றாவது வரி: வேலாங்காடு து.மி. நிலையம், காலை 9 முதல் மாலை 4 வரை. ஊர்ப் பெயர்களை இருமுறை சரிபார்த்தேன். புதூர் இல்லை. இருக்கவும் கூடாது.

காற்று குறைந்தபாடில்லை. கல்லையும் மீறி மூடி தடதடக்கிறது.


ஆகஸ்ட் 22, வெள்ளி. அமாவாசை.

வெயில். காற்று.

9.00 கூப்பிடவில்லை. அவசரப்படக் கூடாது.

9.40 காய் நறுக்கினேன். வீட்டுக்காரர் அளவு சரியில்லை என்று வாங்கிக்கொண்டார்.

10.15 கோகிலாவிடமிருந்து குறுஞ்செய்தி. 'மில்லு பாதிதான் போகுது. காத்து நல்லா இருக்கு. பாக்கலாம்.'

11.20 மல்லிகாவைக் கூப்பிட்டேன். எடுத்தார். ஏதோ சொன்னார். தறிச் சத்தத்தில் கேட்கவில்லை. "வெளிய வந்து பேசுங்க" என்று கத்தினேன். அவருக்கும் கேட்கவில்லை. மறுபடி ஏதோ சொன்னார், சிரித்துக்கொண்டு. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. போனை வீட்டுக்காரர் காதில் வைத்தேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் திருப்பித் தந்தார்.

"எட்டுத் தறியும் நிக்காம ஓடுது" என்றார்.